சித்திரை வெயிலும் இரண்டு வயதுப் பிள்ளையும்

அன்பான தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சுன்னாகத்தில் மாமியோடு இருக்கிறீர்கள், கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மகனுக்கு 2 வயதும் 4 மாதமும். பங்குனி தொடங்கியதிலிருந்து வெயிலுக்குப் பயந்து அவனை வெளியே விடுவதில்லை, அவனோ விடிய ஆறு மணிக்கு எழும்பினால் இரவு படுக்கும்வரை உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிகிறான். கனடாவில் இருக்கும் அண்ணா பெட்டி பெட்டியாக விளையாட்டுச் சாமான் அனுப்பியிருக்கிறார், எதிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கிறானில்லை. கடைசியில் போனைக் கொடுத்தால்தான் சோறு கறி ஆகிறது. மாமியோ, "நாங்கள் ஆறு பிள்ளை வளர்த்தனாங்கள், ஒருத்தருக்கும் இப்பிடி விளையாட்டுக் காட்டேல்லை" என்கிறார். "ரீச்சர், நான் நல்ல தாய் இல்லையோ" என்று முடித்திருந்தீர்கள்.

அந்தக் கடைசி வரிக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதுக்கு வருவேன். ஒரு பெரிய ஆள் இரண்டு வயதுப் பிள்ளையோடு நான்கு சுவருக்குள் பதினான்கு மணித்தியாலம் தனியே இருப்பது யாராலும் முடிகிற காரியம் இல்லை. நான் 24 வருடமாக முன்பள்ளியில் பிள்ளைகளோடு இருக்கிறேன், அதுவும் காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரைக்கும்தான், பக்கத்தில் இன்னொரு ரீச்சரும் இருப்பார், அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்தால் அரை மணித்தியாலமாவது யாரோடும் கதைக்காமல் இருக்க வேண்டும் போலிருக்கும். உங்களுக்குக் களைப்பு வருவது பக்கத்தில் ஆள் இல்லாததால். உங்களில் ஒரு குறையும் இல்லை.

மாமி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய காலத்தில் ஒரு வளவுக்குள் பெரியம்மா, சின்னம்மா, பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளைகள், கிழவர்கள் என்று எப்போதும் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். வேலி என்றால் கிடுகு வேலி, இல்லாவிட்டால் பூவரசும் கிளுவையும் நட்ட கதியால் வேலி. அதில் எப்படியும் ஒரு பொட்டு இருக்கும், அதற்குள்ளால் இந்த வீட்டுப் பிள்ளை அந்த வீட்டுக் குசினிக்குப் போய்ப் புட்டுத் தின்றுவிட்டு வரும். பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட ஒருவருக்கும் தேவை வரவில்லை, ஏனென்றால் பார்ப்பதற்கும் பின்னால் திரிவதற்கும் அத்தனை பேரும் அத்தனை வேலையும் அதன் கண் முன்னால் இருந்தன. இப்போது வேலி எல்லாம் மதில் ஆகிவிட்டது, பாதிச் சொந்தம் வெளிநாட்டில். அவர் பத்துப் பேரோடு செய்ததை நீங்கள் ஒருவராய்ச் செய்கிறீர்கள். இதை மாமிக்கு மரியாதையாக ஒருநாள் சொல்லிப் பாருங்கள், அவருக்கு விளங்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, மகனுடைய விஷயம். அவனுக்குப் பொழுது போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒன்று பெரிதாகக் கிடையாது. சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிகிறான் என்றால், நீங்கள் செய்வதைத் தானும் செய்ய வேண்டும் என்று கேட்கிறான், வாயால் கேட்கத் தெரியாததால் சட்டையைப் பிடிக்கிறான். அதனால் அவனுக்கென்று தனியாக விளையாட்டுத் தேடி அலைவதை விட்டுவிட்டு, உங்கள் வேலைக்குள் அவனுக்கு ஒரு இடம் கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை குறையும் என்பது என் அனுபவம்.

முருங்கை இலை ஆயும்போது அவனுக்கும் ஒரு கொத்தைக் கொடுத்து நிலத்தில் இருத்துங்கள். அந்தச் சின்ன இலையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து உருவுவது, நாங்கள் முன்பள்ளியில் மணி கோர்க்கவிட்டும் பேப்பர் கிழிக்கவிட்டும் பழக்குகிற அதே விரல் வேலை. பயிற்றங்காய் முறிக்கட்டும். சுளகில் கொஞ்ச அரிசியைப் போட்டுக் கையால் துழாவ விடுங்கள், சிந்தினால் கூட்டி எடுக்கவும் அவனையே கூப்பிடுங்கள். உடுப்புக் காயப்போடும்போது கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது அவனுடைய உத்தியோகமாக இருக்கட்டும். ரொட்டிக்கு மா குழைத்தால் ஒரு உருண்டை அவனுக்கு, பச்சை மாவைத் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய தும்புத்தடியின் பிடியைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள், அவன் கூட்டுவதில் குப்பை போகாது, ஆனால் கால் மணித்தியாலம் போகும். உங்கள் வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், அது உண்மைதான். அவனை அழவிட்டு, சமாதானப்படுத்தி, திரும்பவும் அழவிட்டுச் செய்தாலும் அவ்வளவு நேரம்தான் எடுக்கும்.

இன்னொன்று, இந்த வயதில் பிள்ளைகளுக்கு நிரப்புவதும் கொட்டுவதும் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோவதும் ஆசை. அண்ணா அனுப்பிய, பொத்தானை அமத்தினால் பாட்டுப் பாடுகிற சாமானில் அவன் ஐந்து நிமிடம் நிற்காததற்குக் காரணமும் அதுதான், அதில் அவன் செய்ய ஒன்றும் இல்லை, அது தானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. ஒரு ஓலைப்பெட்டியும் நாலைந்து சிரட்டையும் கொடுத்துப் பாருங்கள். கடகம் இருந்தால் அதற்குள் ஏறி இருப்பான், தலையில் கவிழ்ப்பான், இழுத்துக்கொண்டு விறாந்தை முழுக்கத் திரிவான். குரும்பட்டி பொறுக்கிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர் கட்டுவது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனால் ஈர்க்கு கண்ணைக் குத்தும், அது நாலைந்து வயதுக்குப் பிறகு பார்க்கலாம்.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது என் அக்காவின் மகனுக்கு இரண்டு வயது. மீசாலைப் பக்கம் ஒரு வீட்டில் ஆறு குடும்பம் இருந்தோம், கையில் கொண்டுபோனது உடுப்பும் கொஞ்ச அரிசியும்தான். அந்தப் பிள்ளை ஒரு பால்மாப் பேணி மூடியையும் இரண்டு சிரட்டையையும் வைத்து ஈர மண்ணில் நாள் முழுக்கச் சமைத்தது, எங்கள் எல்லாருக்கும் பரிமாறியது. பெரிய ஆட்கள் நாங்கள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் அந்த மண்சோற்றை வாங்கிச் சாப்பிடுவதுபோல நடித்தது எங்களுக்கும் ஏதோ ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சின்னப் பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

இனி வெயில். முழு நாளும் வீட்டுக்குள் அடைப்பது சரிவராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டலில், இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்துத் திரிய வேண்டும் என்று சொல்கிறது. ஒரேயடியாக இல்லை, நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து. ஆகவே நாளை வெயிலைப் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். அவன் ஆறு மணிக்கு எழும்புவது உங்களுக்கு வாய்ப்பு. குசினிக்குள் போவதற்கு முன்னம், ஆறரையிலிருந்து எட்டு, எட்டரை வரைக்கும் முற்றத்தில் விடுங்கள், உங்கள் தேத்தண்ணியையும் கொண்டுபோய் வெளியிலேயே குடியுங்கள். காலை வெயிலில் நிழல் நீட்டாக விழும், அவனுடைய நிழலை அவனே மிதிக்கப் பார்ப்பான், உங்களுடையதைத் துரத்துவான், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து நீங்கள் ஊதிக் காட்டுங்கள், அவனுக்கு ஊத வராது, ஆனால் சிரிப்பான். பத்து மணிக்குப் பிறகு உள்ளே. சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களில் மத்தியானம் பன்னிரண்டு பத்தளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடிக்குள் போய்விடும், ஆவணி நடுப்பகுதியிலும் அதே மாதிரி இன்னொரு தரம் வரும். அந்த நேரத்தில் வெளியே போக வேண்டிய அவசியம் ஒரு பிள்ளைக்கும் இல்லை. திரும்ப நாலரைக்குப் பிறகு வெளியே வரலாம்.

வெயில் காலத்தில் தண்ணீரைப் போல ஒரு விளையாட்டுச் சாமான் கிடையாது. விறாந்தையிலோ வேப்பமர நிழலிலோ ஒரு அகலமான பேசினில் நாலு விரல் அளவு தண்ணீர் விட்டு, ஒரு பேணி, ஒரு அகப்பை, தேத்தண்ணி வடி, ஒரு பஞ்சுத் துண்டு வையுங்கள், முக்கால் மணித்தியாலம் அசையமாட்டான். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற பழைய பிரஷ்ஷும் கொஞ்சத் தண்ணீரும் கொடுத்தால் மதில் முழுக்கத் தண்ணீரால் பெயின்ற் அடிப்பான், காய்ந்துபோகும், திரும்பவும் அடிப்பான். பிளாஸ்ரிக் போத்தல் மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் பூக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவான். பூக்கன்றைவிடத் தன் காலுக்குத்தான் கூடுதலாக ஊற்றுவான், பரவாயில்லை.

ஆனால் தண்ணீர் என்று வந்தால் நான் கண்டிப்பாகப் பேசுவேன், கோபிக்காதீர்கள். இந்த வயதுப் பிள்ளைக்குத் தலை பாரம் கூட, குனிந்து வாளிக்குள் விழுந்தால் தானாக எழும்ப முடியாது, சத்தமும் வராது. நாலு விரல் தண்ணீர் போதும் மூச்சு நிற்பதற்கு. ஆகவே அவன் தண்ணீரில் இருக்கும்போது நீங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போன் அடித்தால் எடுக்கத் தேவையில்லை, கேற்றில் யாரும் கூப்பிட்டால் அவனையும் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாடி முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கிக் கிடந்தால் டெங்கு நுளம்பு முட்டை இடும், அது ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகிவிடும். குளியலறை வாளியையும் இரவில் வெறுமையாக்குங்கள். கிணற்றைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, சுன்னாகத்தில் கிணறு இல்லாத வளவு குறைவு என்பதால் நானே கேட்கிறேன்: கட்டு அவனுடைய நெஞ்சுக்கு மேலே இருக்கிறதா, பக்கத்தில் ஏறி நிற்கக்கூடிய கல்லோ வாளியோ கிடக்கிறதா, மேலே கம்பி வலை இருக்கிறதா? பக்கத்துத் தோட்டத்தில் கட்டில்லாத கிணறு இருந்தால் அங்கே போகிற வழியை அடையுங்கள். இதை அடுத்த முறை கணவர் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், இந்தக் கிழமையே ஆளைக் கூப்பிட்டுச் செய்யுங்கள்.

முற்றத்தில் விடுவதற்கு முன்னம் ஒருதரம் அவனுடைய உயரத்துக்குக் குந்தியிருந்து சுற்றிப் பாருங்கள். அலரி நின்றால் அதன் காயும் விதையும் இதயத்தைப் பாதிக்கிற நஞ்சு, வெட்டிவிடுவதே நல்லது. குன்றிமணியும் நஞ்சுதான், பார்க்க வடிவாக இருப்பதால் பிள்ளை வாயில் போடும். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். தற்செயலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி. சாப்பாட்டிலும் கவனம் தேவை. முழுக் கச்சான் இந்த வயதுக்கு வேண்டாம், தொண்டையில் இறுகும். நுங்கு நல்லது, ஆனால் முழுதாகக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு போய் அடைக்கும், தோலை உரித்துக் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். வத்தகப்பழம் விதை எடுத்துச் சின்னதாக வெட்டிக் கொடுக்கலாம். தண்ணீரைக் கேட்கும்வரை பார்த்திருக்காமல் அடிக்கடி இரண்டு மிடறு கொடுங்கள், விளையாட்டுக்குள் இருக்கிற பிள்ளை தாகத்தைச் சொல்லாது. ஆறு ஏழு மணித்தியாலம் மூத்திரம் போகாமல், நாக்கு வறண்டு, அழுதாலும் கண்ணீர் வராமல், துவண்டுபோய்க் கிடந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் டொக்டரிடம் கொண்டுபோங்கள்.

மத்தியான நித்திரையை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வயதில் பகல் நித்திரையும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் தேவை, பின்னேரம் அவன் காரணமில்லாமல் கத்துகிற நாட்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள், அநேகமாக மத்தியானம் படுக்காத நாளாக இருக்கும். குளிக்கவார்த்து, மெல்லிய பருத்தி உடுப்புப் போட்டு, யன்னலை மறைத்து, ஒரே நேரத்துக்குப் படுக்க வையுங்கள். கரண்ட் நின்றால் நிலத்தில் ஓலைப்பாய் போட்டு ஈரத் துணியால் துடைத்துவிட்டால் போதும். அவன் படுக்கும்போது நீங்களும் படுங்கள், தங்கச்சி. பாத்திரம் பின்னேரம் கழுவலாம், அப்போது அவனும் கழுவ வருவான்.

விளையாட்டுச் சாமானில் முக்கால்வாசியைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ஒரு கிழமைக்கு ஐந்தே ஐந்து வெளியில் இருக்கட்டும், அடுத்த கிழமை மாற்றுங்கள். இருபது சாமான் கண்ணுக்கு முன்னால் கிடந்தால் பெரிய ஆளுக்கே எதை எடுப்பதென்று தெரியாது.

போனைப் பற்றி உங்களுக்கு மனச்சாட்சி குத்துவது கடிதத்தில் தெரிகிறது. அதே 2019 வழிகாட்டலில் இரண்டு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. நான் சொல்வது இதுதான்: எண்ணெய்ச் சட்டி அடுப்பில் கொதிக்கிற அந்த 20 நிமிடம், மாமியும் முழங்கால் நோவோடு படுத்திருக்கிற நேரம், போன்தான் வழி என்றால் கொடுங்கள், சுடு எண்ணெய்க்குக் கிட்ட வருவதைவிட அது ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் எதைப் பார்ப்பது என்று நீங்களே தெரிவுசெய்யுங்கள், அடுத்த வீடியோ தானாக ஓடுகிறதை நிறுத்திவைத்துக் கொடுங்கள், முடிந்ததும் "போனுக்கு நித்திரை" என்று சொல்லி அவன் கையாலேயே உயரத்தில் வைக்கச் செய்யுங்கள். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் மட்டும் போன் வேண்டாம். ஒருதரம் பழகினால் அதை நிற்பாட்டுவது கஷ்டம், நான் எத்தனையோ தாய்மாரோடு சேர்ந்து நிற்பாட்டியிருக்கிறேன். முதல் நாலைந்து நாள் பெரிய அழுகை வரும், பிறகு அடங்கும்.

பின்னேரத்தில் கிழமைக்கு இரண்டு நாளாவது வளவை விட்டு வெளியே போங்கள். சுன்னாகத்திலிருந்து கீரிமலை தூரமில்லை, கேணிக்குள் இறக்காவிட்டாலும் கடற்காற்றில் நடக்கலாம். பட்டினத்துக்கு வருகிற நாளில் சுப்பிரமணியம் பூங்காவுக்குக் கொண்டுபோங்கள், சறுக்கலில் ஏற்றுவதற்கு முன்னம் கையை வைத்துச் சூடு பாருங்கள். பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, படம் நிறைந்த புத்தகம் இரண்டைப் புரட்டினால் போதும். ஆடி அமாவாசை முடிந்து ஆறாம் நாள் நல்லூர் கொடியேறினால் 25 நாளும் திருவிழா, வீதி முழுக்க மணல். சனம் நெருக்கமான தேர் அன்றைக்கு வேண்டாம், முதல் பத்து நாளில் ஒரு பின்னேரம் போய் அந்த மணலில் அவனை விட்டுவிட்டு நீங்கள் ஒரு ஓரமாகக் கால் நீட்டி இருங்கள்.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது அந்த வேலிப் பொட்டு. உங்கள் ஒழுங்கையில் இதே வயதில் பிள்ளையோடு இன்னொரு தாய் கட்டாயம் இருப்பார், குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் எந்த வீடு என்று சொல்லுவார், கிளினிக்கிலேயே நீங்கள் கண்டிருப்பீர்கள். போய்க் கதையுங்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் உங்கள் முற்றத்தில், வியாழக்கிழமை அவருடைய முற்றத்தில். இரண்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடமாட்டார்கள், பக்கத்துப் பக்கத்தில் இருந்து தனித்தனியாகத்தான் விளையாடுவார்கள், ஒரே பேணிக்குச் சண்டை பிடிப்பார்கள், அது அந்த வயதுக்கு இயல்பு, ஒரே மாதிரி இரண்டு பேணி வைத்தால் சண்டை குறையும். பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறதோ இல்லையோ, உங்களுக்குக் கதைக்க ஒரு ஆள் கிடைக்கும். மாமியையும் விடாதீர்கள், முழங்கால் நோவோடு அவரால் பின்னால் ஓட முடியாது, ஆனால் கதிரையில் இருந்துகொண்டு அவனுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கலாம், பனையோலையில் காற்றாடி செய்து கொடுக்கலாம். வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் அது நல்லாச் சுற்றும். ஆறு பிள்ளை வளர்த்தவருக்கு அதெல்லாம் கைவந்த வேலை, "எனக்குத் தெரியாது மாமி, நீங்கள் செய்து காட்டுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள்.

முன்பள்ளிக்கு இப்போதே சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசரம் வேண்டாம், மூன்று வயது நிரம்பட்டும்.

அண்ணா இன்னும் என்ன அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார் என்றீர்கள். சாமான் போதும் என்று சொல்லுங்கள். எங்களுக்கு விடிய ஏழு மணி என்றால் இந்த மாதங்களில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு ஒன்பதரை, அவர் வேலை முடிந்து வீட்டில் இருக்கிற நேரம். கிழமையில் மூன்று நாள் வீடியோவில் வரச் சொல்லுங்கள். மருமகன் காட்டுகிற குரும்பட்டியைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணட்டும், மண்சோறு கொடுத்தால் வாங்கிச் சாப்பிடட்டும். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் திரைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்து தேத்தண்ணியைச் சூடாறுவதற்கு முன்னம் குடித்து முடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரீச்சர்